பிடிமண்ணும் சிட்னிச் சாமிகளும்

பிதுங்கிய கண். வரிசை தப்பிய பல். தலைமேல் இன்னொரு தலை, அதற்கும் மேல் ஒன்று. முலையும் ஆண்குறியும் ஒரே உடம்பில். மண்ணைப் பிசைந்து அப்பிய விரல்தடம் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாக மெருகு வழிந்து உறைந்திருக்கிறது. ஆங்காங்கே தங்கப் பூச்சு, சிலவற்றின் தலையில் நிஜ மயிர். சிட்னியில் இந்த உருவங்களைச் செய்கிறவர் பெயர் ரமேஷ் மரியோ நித்தியேந்திரன். 2015இல் ஆஸ்திரேலியாவின் ஷெப்பர்ட்டன் கலை அருங்காட்சியகத்தில் வழங்கப்பட்ட சிட்னி மையர் மண்கலை விருது இவருக்குக் கிடைத்தது. பரிசு 50,000 ஆஸ்திரேலிய டாலர். அந்த விருதை வாங்கியவர்களில் அவர்தான் வயதில் மிக இளையவர். மறு ஆண்டு கான்பராவின் தேசியக் கலைக்கூடத்தில் ‘மட் மென்’ என்ற பெயரில் அவருடைய மண் மனிதர்கள் வந்து நின்றார்கள். விருதுநகர்ப் பக்கத்து ஆள் ஒருவரை அவற்றின் முன் நிறுத்தினால், “இது எந்த ஊர்ச் சாமி?” என்றுதான் முதலில் கேட்பார்.

கேள்வி சரியானதுதான். பதில்தான் சிக்கலானது.

ரமேஷ் 1988இல் கொழும்பில் பிறந்தவர். அடுத்த ஆண்டே குடும்பம் நாட்டை விட்டு வெளியேறி ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. வளர்ந்தது மேற்குச் சிட்னியில், பல நாட்டுக் குடியேறிகள் நெருங்கி வாழும் பகுதியில். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் கலைப் பள்ளியில் படித்து, பிறகு அங்கேயே பாடமும் நடத்தினார். முதலில் கற்றது ஓவியமும் கோட்டுச்சித்திரமும். மண்ணுக்கு வந்தது அதற்குப் பிறகு. குடும்பத்தில் இந்து மரபும் உண்டு, கிறிஸ்தவ மரபும் உண்டு. பெயரைப் பார்த்தாலே தெரியும். தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்கிறார். ஆனால் செய்வதெல்லாம் சாமி மாதிரி உருவங்கள். கோயில் சிற்பம், கலை வரலாறு, இணையத்தில் கிடைக்கும் கண்டதும் கடியதும், அவருடைய சொந்த முகம் எல்லாம் அவற்றில் கலந்து கிடக்கின்றன.

புலம்பெயர்ந்த கலைஞர்களைப் பற்றி எழுதும்போது ஒரு கதை தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே தாயகத்தில் பூர்வீகம் ஒன்று ஆடாமல் அசையாமல் இருக்கிறதாம். இங்கே இவர் அதை இழந்துவிட்டு ஏங்குகிறாராம். கலை அந்தப் பள்ளத்தை நிரப்புகிறதாம். இந்தக் கதையில் ‘இங்கே’ பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ‘அங்கே’ என்பதை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை. அது உண்மையிலேயே ஆடாமல்தான் இருந்ததா? இதைச் சோதித்துப் பார்க்க விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. சிவகாசியையும் சிட்னியையும் சேர்த்து முடிச்சுப் போட்டது ரமேஷ் அல்ல, நான்.

உலகெங்கும் உள்ள தமிழ் வீடுகளில் சாமி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கியது கோயில் கருவறையை விட அதிகமாகக் காலண்டர்தான். அந்தக் காலண்டரின் தலைநகரம் சிவகாசி. ஆடிப் பதினெட்டன்று அச்சகங்களில் பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஜவுளிக்கடை, நகைக்கடை, அரிசி மண்டி என்று ஆர்டர் பிடிப்பார்கள். மேலே லட்சுமியோ முருகனோ. கீழே கடையின் பெயரும் போன் நம்பரும். நடுவில் நாளுக்கொன்றாகக் கிழிக்கும் தாள்கட்டு. அதில் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம். இந்த வார்ப்பு கடல் தாண்டியும் மாறவில்லை. மலேசியா, சிங்கப்பூர், லண்டன், டொராண்டோ எங்கும் தமிழ்க் கடைக்காரர் வருடக் கடைசியில் வாடிக்கையாளர் கையில் சுருட்டிக் கொடுப்பது இதைத்தான். கனடாக் காலண்டர்களில் டொராண்டோவின் சூரிய உதயத்துக்கு ஏற்ப ராகு காலத்தைத் திருத்திப் போடுகிறவர்களும் உண்டு. சாமி அப்படியே இருக்கிறது, நேரம்தான் உள்ளூருக்கு மாறிக்கொள்கிறது.

அந்தச் சாமியும் அப்படி ஒன்றும் முழுக்க நம் ஊரில் பிறந்ததில்லை. 1894இல் ரவி வர்மா பம்பாயில் வண்ணக் கல்லச்சகம் தொடங்கினார். இயந்திரமும் ஜெர்மனி, தொழில்நுட்பரும் ஜெர்மானியர். அச்சகத்தைப் பின்னால் விலைக்கு வாங்கிய ஃப்ரிட்ஸ் ஷ்லைஷரும் ஜெர்மானியர்தான். ஐரோப்பிய எண்ணெய் ஓவியத்தின் ஒளிநிழலில் நம் தெய்வங்களுக்குத் தசையும் எலும்பும் வந்தது அப்படித்தான். தென்பாண்டிச் சீமையில் அதை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போனவர் சி. கொண்டையராஜு. 1898இல் சென்னையில் பிறந்து, அங்கே அரசுக் கலைப்பள்ளியில் பயின்று, ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் சில காலம் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதப் போனவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1976இல் இறக்கும்வரை அவரும் டி.எஸ். சுப்பையா முதலான சீடர்களும் வரைந்த படங்கள் பக்கத்தூரான சிவகாசியின் அச்சுக்குப் போயின.

ஒரு பழைய கோவில்பட்டிப் படத்தை அருகில் வைத்துப் பாருங்கள். அம்மனின் முகம் வட்டமாக, கன்னம் லேசாகச் சிவந்து, கண் நேராக நம்மைப் பார்க்கும். நகை ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணி எடுக்கலாம்போல் துலங்கும். பின்னால் தூண்கள் குறுகிக்கொண்டே தூரத்துக்குப் போகும். அல்லது பனிமலையும் அருவியும் இருக்கும். கரிசல் காட்டில் பனிமலை எங்கே வந்தது? நாடகத் திரையிலிருந்து வந்தது. திரைக்கு அது ஐரோப்பியக் காட்சி ஓவியத்திலிருந்து வந்தது. தஞ்சாவூர்ப் படத்தின் நேர்ப்பார்வை, கலைப்பள்ளியின் உடற்கூறு, நாடகத்தின் ஜோடனை மூன்றும் ஒட்டிய இந்தப் படத்தைத்தான் நம் பாட்டிமார் சட்டம் போட்டு மாட்டி, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள். அதைக் கலப்படம் என்று யாரும் தள்ளிவைக்கவில்லை. கொழும்பிலிருந்து சிட்னிக்குப் போன தலைமுறை தன் பூர்வீகம் என்று சுமந்து போன பிம்பமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இந்தப் படங்களைக் கலை என்று மதித்து முதலில் நீண்ட ஆய்வு செய்தவர்கள் வெளிநாட்டில் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொண்டையராஜுவைப் பற்றி எழுதிய ஸ்டீஃபன் இங்லிஸ் கனடா அருங்காட்சியகத்துக்காரர். ‘காட்ஸ் இன் தி பஜார்’ என்று 2007இல் சிவகாசியையும் சேர்த்துப் பெரிய நூல் எழுதிய கஜ்ரி ஜெயின் டொராண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர். நம் கலைப்பள்ளிகள் காலண்டரை நெடுநாள் கையால் தொடவில்லை.

படம் மட்டுமா, ஊரே அப்படித்தான். சிவகாசியின் தலபுராணக் கதை என்ன? காசியிலிருந்து லிங்கம் கொண்டுவந்து தென்காசியில் வைக்க நினைத்தான் பராக்கிரம பாண்டியன். வழியில் லிங்கத்தைச் சுமந்த பசு நகர மறுத்தது. நின்ற இடத்திலேயே பிரதிஷ்டை ஆயிற்று. கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஓர் ஊர் தன் பெயருக்குக் காரணமாக, இடம்பெயர்ந்து பாதிவழியில் நின்றுபோன சிலை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறது.

வரலாறு இதைவிடத் தெளிவு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் ஏற்றிய மாட்டுவண்டிகளோடு வடக்கே வந்த நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுநகர், சாத்தங்குடி, அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஆறு ஊர்களில் பேட்டை போட்டுத் தங்கினார்கள். சரக்கின்மேல் மகமை என்ற பொதுநிதி பிரித்தார்கள், உறவின்முறை என்ற சாதிச் சங்கம் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். பிற்பாடு காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை விருதுநகரில் 1889இல் தொடங்கியது. வந்தேறிகள் என்ற ஏச்சும் கோயிலுக்குள் விடமாட்டோம் என்ற தடையும் கூடவே வந்தன. 1899 சிவகாசிக் கலவரம் அந்தத் தகராறின் உச்சம். ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதிய நூலில் இதையெல்லாம் விரிவாகப் பார்க்கலாம். அந்த ஆறு ஊர்களில் ஒன்றான சிவகாசியிலிருந்துதான் 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகத்துக்கு ஆண்டு முழுக்க வேலை வேண்டும். காலண்டர் பிறந்தது இப்படி. நேரு சொன்னதாக ஊரே சொல்லும் ‘குட்டி ஜப்பான்’ பட்டம்கூட இன்னொரு நாட்டின் பெயர்தான்.

இப்படி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் சாமியை என்ன செய்தார்கள்? தென்மாவட்டங்களில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மூலக்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்து வந்து, போன இடத்தில் பீடம் போட்டு அதில் சேர்ப்பார்கள். பிடிமண் கோயில் என்று சொல்வார்கள். மூலத்தில் இருக்கும் சிலையைப் பார்த்து அச்சாகச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேரிக்காட்டில் வெறும் மண்பீடமாக இருக்கும் சாமிக்குப் புது ஊரில் செங்கல் பீடம் வரலாம். இரண்டு தலைமுறை கழித்து மீசையும் அரிவாளும் வைத்த சிமெண்ட் சிலை வரலாம். அதற்கு எனாமல் பெயிண்ட் அடிக்கலாம். மண் வந்ததா என்பதுதான் கேள்வி. உருவம் அந்தந்த ஊர்க் கையின் பாடு. இடம்பெயர்ந்தவர்கள் தங்கள் அடையாளத்தைப் பற்றி வைத்திருக்கும் கொள்கைகளில் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் எந்தக் கலைக்கோட்பாட்டு நூலிலும் படித்ததில்லை. ரமேஷின் உருவங்களை நான் இந்தக் கொள்கையின்படிதான் பார்க்கிறேன். ‘இது அசல் இந்து உருவமா?’ என்று கேட்பவர்கள் உருவத்தை ஒப்பிடுகிறார்கள். பிடிமண்காரர் அந்த ஒப்பீட்டையே செய்யமாட்டார்.

மண் விஷயத்தில் இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். அய்யனார் கோயிலுக்குப் புரவி, அதாவது மண்குதிரை, எடுப்பதென்று ஊர் முடிவு செய்தால், மண்வேலை செய்யும் வேளாருக்குப் பிடிமண் கொடுத்துத்தான் வேலையைத் தொடங்குவார்கள். களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோல் துண்டும் சேர்த்து மிதித்துப் பதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கும். முதலில் நான்கு கால்கள், உள்ளே பொள்ளலான குழாய்களாக எழும்பும். அவை ஓரளவு இறுகிய பிறகு வயிறு, அதன்மேல் கழுத்து, கடைசியில் தலை. ஒரே நாளில் எழுப்பினால் கனம் தாங்காமல் கால் பிதுங்கிவிடும் என்பதால் கட்டிக் கட்டிக் காயவிடுவார்கள். ஆவி வெளியேறத் துளை விடுவார்கள். கண்ணும் பல்லும் மீசையும் தனியாக உருட்டி ஒட்டுபவை. அதனால்தான் அவை முகத்திலிருந்து துருத்திக்கொண்டு நிற்கின்றன. அழகுக்காக மட்டும் வந்த துருத்தல் இல்லை, வேலைமுறையே அப்படி. மதுரை வட்டார வேளார்களைப் பற்றி 1980இல் ஒரு நூல் எழுதியவரும் அதே இங்லிஸ்தான். பல ஊர்களில் செய்கிறவரும் வேளார், பூசாரியும் வேளார்.

ரமேஷின் உருவங்களிலும் உறுப்புகள் இப்படித்தான் உருட்டி ஒட்டப்படுகின்றன. அந்த ஒட்டை அவர் மறைப்பதில்லை. வேளாருக்கு இல்லாத ஒன்று அவரிடம் உண்டு: மெருகு. சிவகாசிக்காரருக்கு அந்த ரசாயனம் புரியும். மத்தாப்பில் பச்சைக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு. மண்பாண்ட மெருகிலும் செம்பு பச்சையும் நீலமும் தரும், கோபால்ட் கருநீலம் தரும், இரும்பு பழுப்பு தரும். தீயில் உலோகம் காட்டும் நிறம்தான் இரண்டும். (பட்டாசில் பேரியம் உப்பு கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்த பிறகு சிவகாசியில் பச்சைக்கு ஏற்பட்ட பாட்டைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

எனக்கு அவரிடம் குறை இல்லாமல் இல்லை. நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் வைத்த ‘அவதார் டவர்ஸ்’ போன்ற பெரிய தொகுப்புகளில் உருவங்கள் கூட்டமாக அடுக்கப்படும்போது தனித்தனி முகத்தின் வேகம் குறைந்துவிடுகிறது. இளித்த பல் ஒரு முத்திரையாகிவிடுகிறது. மேற்கத்தியக் கலைக்கூடங்களுக்குக் கிழக்கத்திய ‘விகாரச் சாமி’ மேல் பழைய மோகம் ஒன்று உண்டு. வெள்ளைக்காரப் பயணிகள் நம் கோயில் சிலைகளைப் பூதம் என்று எழுதிய காலத்திலிருந்தே வருவது. ரமேஷ் அந்த மோகத்தைத் தெரிந்தே கிண்டல் செய்கிறார் என்பது என் வாசிப்பு. சிலைகளின் குறும்பில் அது தெரிகிறது. ஆனால் கிண்டலுக்கும் தீனி போடுவதற்கும் நடுவில் சுவர் மெல்லியது. ஊர் அய்யனாருக்கு இந்தத் தொல்லை இல்லை. மழையில் கரைந்தால் கரையட்டும் என்று விட்டுவிட்டு அடுத்த எடுப்புக்குப் புதுப் புரவி செய்வார்கள். உடைந்த குதிரைகள் மரத்தடியில் அப்படியே கிடக்கும். சிட்னி உருவம் விற்பனைக்கும் சேகரிப்புக்கும் போக வேண்டியது, கண்காட்சி தேடிப் பெட்டியில் ஏறிக் கிளாஸ்கோ வரை பயணப்பட வேண்டியது. அதன் கையெழுத்துக்கு விலை உண்டு.

இதையெல்லாம்விடப் பெரிய வேறுபாடு சிவகாசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1990 ஜூனில் இலங்கையில் மீண்டும் போர் மூண்டபோது படகில் ராமேஸ்வரம் வந்திறங்கியவர்கள் மண்டபம் முகாம் வழியாக மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, அனுப்பங்குளம் முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. ரமேஷின் குடும்பம் சிட்னி போன அதே காலகட்டம். ஒரே யுத்தம், ஏறக்குறைய ஒரே வருடங்கள். ஒரு குழந்தை விமானத்தில் போயிற்று, இன்னொரு குழந்தை படகில் வந்தது. முகாமில் குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பத்தடி அறை, கணக்கெடுப்பு, வெளியூர் போய்த் தங்க அனுமதி. ஆண்கள் பலருக்குக் கிடைத்த வேலை பெயிண்டிங். வேறு யாருடைய வீட்டுச் சுவருக்கோ நிறம் அடிக்கிற வேலை. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று பெயர் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. இத்தனைக்கும் முகாம்களில் உள்ள பலர் மலையகத் தமிழர். அவர்களுடைய பாட்டன் பூட்டன் இதே தென்மாவட்டங்களிலிருந்தும் தோட்ட வேலைக்குப் போனவர்கள்.

ஆக, பல தலை, பல பால், பல மதம் என்று தன் உருவத்தை உடைத்து விளையாடும் சுதந்திரம் எல்லாக் குடியேறிக்கும் கிடைப்பதில்லை. அதற்கு முதலில் ஒரே பெயரில் ஒரு பாஸ்போர்ட் வேண்டும். ரமேஷின் கலையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ‘புலம்பெயர் அடையாளம் நெகிழ்வானது’ என்று கலைக்கூடச் சுவரில் எழுதிவைக்கும் வாசகம் எந்த வர்க்கத்துக் குடியேறியைப் பற்றியது என்று கேட்கிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப் பேராசிரியர் தா. சனாதனன் இந்தக் கேள்விக்கு இன்னும் அருகில் போனவர். அவர் சிற்பி அல்லர். ஓவியமும் நிறுவுகைக் கலையும் அவருடைய துறை. 2011இல் வெளிவந்த ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’ என்ற நூல்வடிவக் கலைப்படைப்புக்காக, போரில் வீட்டை விட்டு வந்தவர்களிடம் அந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். எண்பது வீடுகள். ஒவ்வொன்றுக்கும் அவர்கள் கையால் வரைந்த படம், கட்டடக் கலைஞரின் அளவுப்படம், சனாதனனின் சித்திரம், அவர்கள் சொன்ன கதை. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையில் வைத்திருந்த காணிப் பதிவேடு. அரசாங்கத்தின் பதிவேட்டு வடிவத்தையே எடுத்து, அரசாங்கம் பதியாத இழப்பைப் பதிந்தார். கிணறு எங்கே, வேப்பமரம் எங்கே, சாமியறை எங்கே என்று அந்தப் படங்களில் தெரியும்.

அனுப்பங்குளத்தில் பிறந்து வளர்ந்த முப்பது வயதுக்காரரிடம் அதே தாளை நீட்டினால் முறை உடைந்துபோகும். விட்டுவந்த வீடு அவருக்கு இல்லை, இருக்கும் வீடு அவர் பெயரில் இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு ஏறத்தாழ 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்ததற்குப் பிறகு பல முகாம்களில் புது வீடுகள் எழுகின்றன; குடியுரிமை அதில் அடங்காது. ஆனால் முகாம்களில் சிறு கோயில்கள் உண்டு, வந்தவர்களே கட்டியவை. இந்த வட்டாரத்தில் இனி நடக்க வேண்டிய ஆய்வு அங்கிருந்துதான் தொடங்க முடியும் என்று நினைக்கிறேன். அந்தச் சாமிகளைச் செய்தது யார், உள்ளூர் வேளாரா, முகாம் ஆளா? மண்ணோ விபூதியோ கடல் தாண்டி வந்ததா? எந்த ஆண்டு பீடம், எந்த ஆண்டு சிலை, பெயிண்ட் அடித்தது யார்? சுவரில் தொங்கும் படம் எந்த அச்சகத்துடையது? மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர்களே முகாம் முகாமாகப் போய்க் கேட்டு எழுதக்கூடிய கேள்விகள் இவை. முகாமுக்குள் போக மட்டும் கலெக்டர் ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும்.